அனுப்புநர், பெறுநர்: ஒரு லாட்ஜ் ரவுட்டரின் கணக்கு

வேலூர் காந்தி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் என் தாய்மாமாவுக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. மூன்று மாடி, 22 அறை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று வைத்தியத்துக்கு வந்தவர்கள். ஸ்கேன், ரிப்போர்ட், அடுத்த தேதி என்று மூன்று வாரம், ஒரு மாதம் தங்குவார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வராந்தாவில் நடந்தால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் வீடியோ கால் சத்தம் கேட்கும். ஊரில் விட்டுவந்த பிள்ளையிடம் அப்பாவுக்கு ஆபரேஷன் எப்போது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் நெட் படுத்துவிட்டால் அது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை.

பொங்கலுக்குப் பிறகு மாதாமாதம் படுத்தது. பிளான் 100 எம்பிபிஎஸ், மாதத்துக்கு 3,300 ஜிபி. அது தீர்ந்தால் வேகம் 2 எம்பிபிஎஸ் ஆகிவிடும். எங்கள் பிளானில் ஏற்றமும் (அப்லோடு) இறக்கமும் (டவுன்லோடு) சேர்த்துத்தான் கணக்கு. முன்பெல்லாம் மாதக் கடைசி வரை தாங்கிய 3,300, இப்போது 19, 20-ஆம் தேதிக்கே தீர்ந்துபோனது. மிச்சம் பத்து நாள் 22 அறையும் 2 எம்பிபிஎஸ்ஸைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மாமா ஒரு 22-ஆம் தேதி கூப்பிட்டார். “மாப்ள, எவனோ ராவெல்லாம் படம் டவுன்லோடு பண்ணிகினு கீறான். யாருன்னு மட்டும் சொல்லு, மிச்சத்த நா பாத்துக்குறேன்.” அவருக்கு ஏற்கெனவே 14-ஆம் நம்பர் அறைமேல் சந்தேகம். அங்கே அப்பாவுக்குத் துணையாக வந்த ஒரு பையன், எந்நேரமும் லேப்டாப்பும் கையுமாக இருப்பான். இதுதான் மாமாவிடம் இருந்த ஒரே ஆதாரம்.

யார் எவ்வளவு தின்றார்கள் என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. 2009 வாக்கில் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் சிஸ்டம்ஸ் வேலை பார்த்தேன். 2 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், அதன் முனையில் ஒரு சிஸ்கோ ரவுட்டர். அதில் ஐபி அக்கவுண்டிங் என்று ஒரு வசதி உண்டு. ஒரு இன்டர்ஃபேஸில், அதாவது ரவுட்டரில் வயர் மாட்டுகிற ஒரு வாயிலில், அதை ஆன் செய்துவிட்டால், அதன் வழியாக வெளியேறும் ஒவ்வொரு பாக்கெட்டையும் (நெட்டில் தகவல் துண்டு துண்டாகத்தான் போகும், ஒரு துண்டு ஒரு பாக்கெட்) அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி என்று ஜோடி சேர்த்து எண்ணும். ஜோடிக்கு இத்தனை பாக்கெட், இத்தனை பைட், அவ்வளவுதான். போர்ட் நம்பர் (எந்தச் சேவைக்கான பாக்கெட் என்று சொல்லும் எண்) கிடையாது, நேரம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது மேலே போட்ட அந்த இரண்டு தலைப்புகள் மட்டுமே. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ரவுட்டர் சொல்லாது.

அந்த இரண்டு தலைப்பே எவ்வளவு பேசும் என்பதை அங்கேதான் பார்த்தேன். ஒருநாள் பட்டியலை எடுத்தால், டெஸ்பாட்ச் செக்ஷனில் இருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டர் அனுப்புநராகப் பக்கம் பக்கமாக வருகிறது. பெறுநர் ஒவ்வொரு வரியிலும் வேறு. எல்லா வரியிலும் மூன்று பாக்கெட், 144 பைட்; மூன்று பாக்கெட், 144 பைட். எவன் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்று மூன்று மூன்று தடவை தட்டிப் பார்த்துக்கொண்டே தெருத்தெருவாகப் போகிறது. கான்ஃபிக்கர் என்ற கம்ப்யூட்டர் புழு ஊரெல்லாம் பரவியிருந்த காலம் அது. அந்தப் பட்டியலில் வழக்கமாக 512 ஜோடிக்குத்தான் இடம். அதற்கு மேல் வருவதை ரவுட்டர் தனித்தனியாக எழுதாது. மெயில் சர்வருக்கே இடமில்லாமல் அந்த ஒரு கம்ப்யூட்டர் முழுப் பட்டியலையும் அடைத்துக்கொண்டிருந்தது. மொத்த பைட்டைப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஜோடிகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அந்த நினைப்போடுதான் லாட்ஜுக்குப் போனேன்.

ரிசப்ஷன் மேசைக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர் தூசி படிந்து கிடந்தது. ஐந்து போர்ட். முதலாவதில் ஃபைபர் பெட்டி. இரண்டு, மூன்று, நான்கு ஒவ்வொரு மாடிக்கும். ஐந்தாவது ஆபீஸுக்கு: ரிசப்ஷன் கம்ப்யூட்டரும் கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் என்விஆர் பெட்டியும். இதைப் போட்ட ஆள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார், மாடிக்கு ஒரு தனி ஐபி முகவரி வரிசை கொடுத்திருந்தார். முதல் மாடி 192.168.11, இரண்டாவது 12, மூன்றாவது 13, ஆபீஸ் 10. இது பிறகு ரொம்ப உதவியது.

மைக்ரோடிக்கிலும் ஐபி அக்கவுண்டிங் இருந்தது, ஆறாம் பதிப்பு வரை. இந்த ரவுட்டரில் ஓடுவது ஏழாம் பதிப்பு. மெனுவில் தேடோ தேடென்று தேடிவிட்டுத்தான், ஏழில் அதை எடுத்துவிட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. இருந்திருந்தாலும் ஏமாற்றியிருக்கும். இந்த ரவுட்டரில் ஃபாஸ்ட்ட்ராக் ஆனில் இருந்தது. ஒரு இணைப்பு நிலைபெற்றதும் அதன் பாக்கெட்டுகளைக் குறுக்கு வழியில் வேகமாகக் கடத்திவிடுகிற ஏற்பாடு அது. குறுக்கு வழியில் போகிறவை அக்கவுண்டிங் கண்ணில் படாது. பைபாஸில் போகிற லாரியை ஊருக்குள் இருக்கும் செக்போஸ்ட்டில் உட்கார்ந்து எண்ணுகிற கதை.

அடுத்து டார்ச். பெயருக்கேற்ற கருவி. ஒரு இன்டர்ஃபேஸைக் காட்டினால், இந்த வினாடியில் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எந்த வேகத்தில் போகிறது என்று வரிசையாகக் காட்டும். இரண்டாம் மாடி போர்ட்டில் டார்ச் அடித்தேன். எல்லாம் 100, 150 கேபிபிஎஸ் என்று சுருண்டு கிடந்தன. அப்போது மணி சாயங்காலம் ஏழு, தேதி 22. கோட்டா தீர்ந்து மொத்த லாட்ஜுமே 2 எம்பிபிஎஸ்ஸில் கிடக்கும்போது யார் அதிகம் தின்கிறார்கள் என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை, எல்லாருக்கும் ஒரே பட்டினி. இதை உணர எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. மாமா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு “14 எது, 14 எது” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

14 எது என்று சொல்லவே முடியாது என்பதை அவருக்குப் புரியவைப்பது தனி வேலை. இப்போதைய போன்கள், ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14-க்குப் பிறகு வந்தவை, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) காட்டுகின்றன. ரவுட்டரில் பெயர் இருக்காது. இது எந்த மாடி என்பது வரைதான் என்னால் சொல்ல முடியும். அதுவே போதும் என்றுதான் எனக்குப் பட்டது. வைத்தியத்துக்கு வந்தவர்கள் ராத்திரி எந்த வெப்சைட்டுக்குப் போனார்கள் என்று தலை தலையாகப் பார்ப்பது எனக்கும் பிடிக்காத வேலை. அதனால் ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டேன்: அறைகளின் கணக்கை மாடி வாரியாக மட்டும் கூட்டுவது, தனி முகவரியைத் திறந்து பார்ப்பதில்லை, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவது.

டார்ச் இப்போது நடப்பதைத்தான் காட்டும், நேற்று நடந்ததைச் சொல்லாது. எனக்கு வேண்டியது பேரேடு. அதற்கு நெட்ஃப்ளோ.

சிஸ்கோ 1996-ல் கொண்டுவந்த முறை இது. இன்று பல கம்பெனி ரவுட்டர்களில் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. மைக்ரோடிக்கில் அதன் பெயர் டிராஃபிக் ஃப்ளோ. ஐபி அக்கவுண்டிங் இரண்டு தலைப்பை மட்டும் பார்த்தது என்றால் இது ஏழைப் பார்க்கிறது: அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இரண்டு பக்கத்துப் போர்ட், டிசிபியா யுடிபியா என்ற அனுப்பும் முறை, சேவைத் தர முத்திரை, எந்த இன்டர்ஃபேஸ் வழியாக உள்ளே வந்தது. ஏழும் ஒத்துப்போகிற பாக்கெட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஃப்ளோ. பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளலாம். எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், எத்தனை பேர், எத்தனை கிலோ லக்கேஜ் என்பது இருக்கும். பைக்குள் முருங்கைக்காயா நகையா என்று கண்டக்டர் பார்ப்பதில்லை.

ரவுட்டர் இந்த டிக்கெட்டுகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. ஃப்ளோ முடிந்ததும் அதை யுடிபியில் வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். நெட்ஃப்ளோவின் ஐந்தாம் பதிப்பில் ஒரு ஃப்ளோவுக்கு 48 பைட், ஒரு பாக்கெட்டில் 30 ஃப்ளோ, 24 பைட் முகப்பு, ஆக 1,464 பைட். ஒரு ஈதர்நெட் ஃப்ரேமுக்குள் (வயரில் ஒரே தடவையில் போகும் அளவுக்குள்) கச்சிதமாக உட்காரும்படி கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த மாதிரிச் சிக்கனம் பிடிக்கும். ஆனால் ஐந்துக்கு ஐபிவி6 என்ற புது வகை முகவரி தெரியாது. நான் ஒன்பதாம் பதிப்பைத்தான் வைத்தேன்.

வாங்கிவைக்கிற கம்ப்யூட்டராக, கீபோர்டில் இரண்டு எழுத்து வேலை செய்யாத என் பழைய லேப்டாப்பை ஆபீஸ் போர்ட்டில் மாட்டினேன். உபுண்டு சர்வர், அதன்மேல் என்எஃப்டம்ப் என்ற ப்ரோகிராம். இது இரண்டு துண்டு: ஒன்று 2055-ஆம் போர்ட்டில் காத்திருந்து வருவதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பாக எழுதும். இன்னொன்று அந்தக் கோப்புகளை எப்படிக் கேட்டாலும் கூட்டிக் கொடுக்கும். முதல் நாள் ஒரு கோப்பிலும் ஒன்றும் வரவில்லை. யுடிபி என்பதால் போய்ச் சேராவிட்டாலும் ரவுட்டர் புகார் சொல்லாது. லேப்டாப்பின் ஃபயர்வாலில் 2055-ஐத் திறக்க மறந்திருந்தேன். திறந்ததும் கொட்ட ஆரம்பித்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தேன். ஃபைபர் போகிற வெளிப் போர்ட்டில் அளக்கவில்லை. அந்தப் பக்கம் நாட் (உள் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றும் வேலை) முடிந்து 22 அறையும் ஒரே முகவரியாகிவிட்டிருக்கும், எல்லாக் கடிதத்திலும் அனுப்புநர் ஒரே ஆள். உள் பக்கம், மாடிகளின் மூன்று போர்ட்டில் மட்டும் டிராஃபிக் ஃப்ளோவை ஆன் செய்தேன். மாடிகள் மட்டும். ஏனென்றால் தின்கிறவன் மாடியில்தான் இருக்கிறான் என்று மாமாவைப் போலவே நானும் நம்பியிருந்தேன்.

ஒன்றாம் தேதி கோட்டா புதிதாகத் திறந்தது. இரண்டாம் தேதி காலையில் முதல் முழு நாளின் கணக்கை மாடி வாரியாகக் கூட்டினேன். மூன்று மாடியும் சேர்ந்து ஏறக்குறைய 75 ஜிபி. முக்கால் பங்கு வீடியோ. கூகுளின் ஏஎஸ்15169, மெட்டாவின் ஏஎஸ்32934 என்று முகவரிகளை அவற்றின் வலையமைப்பு எண்ணில் கட்டினால் பாதிப் பட்டியல் முடிந்துவிடுகிறது. எந்த மாடியும் மற்றதைவிடப் பெரிதாக ஒதுங்கி நிற்கவில்லை. 14-ஆம் நம்பர் இருக்கிற இரண்டாம் மாடிதான் இருப்பதிலேயே குறைவு.

75-ஐ முப்பதால் பெருக்கினால் 2,250. அப்படியானால் 3,300 மாதம் முழுக்கத் தாங்கிக் கொஞ்சம் மிஞ்சவும் வேண்டும். 19-ஆம் தேதிக்கே எப்படித் தீரும்?

நெட் கொடுக்கிறவர்களின் கணக்குப் பக்கத்தைத் திறந்து அதே நாளைப் பார்த்தேன். 172 ஜிபி என்று இருந்தது.

என் முதல் எண்ணம், அவர்கள் மீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்பதுதான். வேறென்ன நினைப்பேன்? மாமாவிடம் சொல்ல போனைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு ராணிப்பேட்டையில் என் பழைய அக்கவுண்டன்ட் சார் சொல்வது ஞாபகம் வந்தது. டேலி ஆகவில்லை என்றால் பேங்க் மேல் பழி போடுவதற்கு முன்னால், நம்ம பக்கம் எழுதாத வவுச்சர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். 172-ல் 75 போனால் 97. நான் எழுதாமல் விட்டது ஐந்தாவது போர்ட், நம்ம ஆபீஸ்.

அதையும் சேர்த்தேன். அன்று சாயங்காலமே பட்டியலின் தலையில் ஒரே ஒரு அனுப்புநர்: 192.168.10.50. என்விஆர். கேமராப் பெட்டி.

இங்கே இரண்டு தடவை வழுக்கினேன்.

முதல் வழுக்கல்: ஐந்து நிமிடக் கோப்புகளை வரிசையாகப் பார்த்தால், என்விஆர் ஐந்து கோப்பில் சுத்தமாக இல்லை. ஆறாவதில் மட்டும் 2 ஜிபி. மறுபடி ஐந்து காலி, ஆறாவதில் 2 ஜிபி. அரை மணிக்கு ஒரு தடவை எதையோ மூட்டையாகக் கட்டி அனுப்புகிறது, கிளவுட் பேக்கப் ஆக இருக்கும் என்று என்விஆர் மெனுவில் பேக்கப்பைத் தேடி ஒரு மணி நேரம் போனது. அப்படி ஒன்று அதில் இல்லவே இல்லை. உண்மையில் மூட்டை கட்டியது ரவுட்டர். ஒரு ஃப்ளோ சத்தமில்லாமல் 15 வினாடி இருந்தால் முடிந்ததாக எடுத்துக்கொண்டு டிக்கெட் கிழிக்கும். ஆனால் ஓயாமல் ஓடுகிற ஃப்ளோவாக இருந்தால், வழக்கமான அமைப்பில் 30 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் எழுதும். அரை மணி நேரம் சீராக ஓடியது ஒரே வரியில் வந்து விழுகிறது. இந்த 30 நிமிடத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தேன். உடனே ஆறு கோப்பும் சமமாக நிரம்பின. சராசரி 9 எம்பிபிஎஸ், ராப்பகலாக, ஒரு மூச்சு விடாமல். 9 எம்பிபிஎஸ்ஸை 86,400 வினாடியால் பெருக்கி எட்டால் வகுத்தால் 97 ஜிபி. டேலி ஆகிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து ஒரு டீ குடித்தேன்.

இரண்டாவது வழுக்கல் பெறுநரில். அத்தனை பைட்டும் ஒரே ஒரு வெளி முகவரிக்குப் போகிறது. அது யாருடையது என்று பார்த்தால், லாட்ஜுக்கு நெட் கொடுக்கிற அதே கம்பெனியின் முகவரி. நான் நினைத்தது இது: பெரிய வீடியோ கம்பெனிகள் உள்ளூர் நெட் கம்பெனிகளுக்குள்ளேயே கேஷ் பெட்டிகளை வைத்திருப்பதுண்டு, நாம் பார்க்கிற வீடியோ பாதி அங்கிருந்துதான் வரும், முகவரியும் நெட் கம்பெனியுடையதாகவே தெரியும். அப்படி ஒன்றாக இருக்கும் என்று ஒரு கணம் விட்டுவிட்டேன். பிறகுதான் உறைத்தது. கேஷ் பெட்டி நமக்கு அனுப்பும், நம்மிடமிருந்து வாங்காது. இங்கே அனுப்புநர் நாம். பைட் எல்லாம் வெளியே போகிறது. மொத்த ஜிபியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தத் திசை ஒருநாளும் கண்ணில் பட்டிருக்காது.

ஆக, நம்ம ஊர்ப் பக்கம் எங்கேயோ, இதே கம்பெனி இணைப்பு வைத்திருக்கிற ஒரு இடத்தில், யாரோ லாட்ஜின் கேமராக்களை இருபத்துநாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நோயாளிகள் போகிற வருகிற வராந்தா அது. பாஸ்வேர்டு திருடு போயிருக்கிறது என்று முடிவு கட்டி, மாமாவிடம் சொல்வதற்கு முன்னால் அதுவரை சேர்ந்த ஃப்ளோ முழுவதையும் நேர வாரியாக வரைந்து பார்த்தேன். கோடு நேராக ஓடுகிறது, ஒரே ஒரு இடம் தவிர. செவ்வாய்க்கிழமை விடிகாலை 3.30-க்கு அறுந்து 8.30-க்கு மறுபடி தொடங்குகிறது. நடுவில் ஐந்து மணி நேரம் பூஜ்யம்.

மேனேஜர் தம்பியைக் கேட்டேன். அன்றைக்கு விடிகாலையில் இங்கே கரண்ட் போகவில்லை, போனாலும் ஜெனரேட்டர் இருக்கிறது என்றான். என்விஆரில் அன்றைய பதிவைப் பார்த்தால் 3.30-இலிருந்து 8.30 வரை ஒரு நிமிடம்கூட விடாமல் ரெக்கார்டு ஆகியிருக்கிறது. நம்ம பக்கம் எல்லாம் சரி. நின்றது எதிர்முனைதான். விடிகாலை மூன்றரைக்கு அணைத்து எட்டரைக்குப் போடுகிற ஆள் யார்? கள்ளன்கூட அந்த நேரத்தில்தானே முழித்திருப்பான்?

லேப்டாப்பின் கடிகாரத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். உபுண்டு சர்வரைப் போடும்போது நேர மண்டலத்தை மாற்றவில்லை. அது கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் 3.30 என்பது காலை 9 மணி, 8.30 என்பது மதியம் 2 மணி.

காலை 9 முதல் மதியம் 2. தமிழ்நாட்டில் பிறந்தவனுக்கு இதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு.

ரிசப்ஷனில் பழைய பேப்பர்கள் கட்டாகக் கிடந்தன. செவ்வாய்க்கிழமைப் பேப்பரில் ‘இன்று மின்தடை’ என்ற கட்டத்தைத் தேடி எடுத்தேன். ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன. காட்பாடி என்று ஆரம்பித்து நாலாவது பெயர், காந்தி நகர்.

காட்பாடி காந்தி நகரில்தான் மாமாவின் வீடு.

போன் பண்ணவில்லை, பைக்கை எடுத்தேன். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை கதவைத் திறந்து, காபி வைக்கிறேன் என்று உள்ளே போனார். ஹால் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், 43 இன்ச் டிவி. திரை நான்காகப் பிரிந்திருந்தது. மேலே இடது பக்கம் ரிசப்ஷன், மேனேஜர் தம்பி கொட்டாவி விடுகிறான். வலது பக்கம் வாசல். கீழே இரண்டு வராந்தா. ஹாலில் யாரும் இல்லை. டிவி மட்டும் தனியாக லாட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இது எப்பத்துலேர்ந்து அத்தை?”

“பொங்கலுக்கு ஆஃபர்ல வாங்கினாரு. அப்புறம் யாரோ ஆள கூட்டினு வந்து இதுல போட்டாரு. நான் சீரியல் பாக்கக்கூட வுடறதில்ல. அவரு தூங்கினாலும் அது ஓடிகினே இருக்கும். அணைச்சா மறுபடி போடத் தெரியாதாம்.”

போனை அந்த வீட்டு வைஃபையில் சேர்த்து வெளி முகவரியைப் பார்த்தேன். பட்டியலில் இருந்த அதே பெறுநர், எண்ணுக்கு எண். இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள், டிவி இல்லை என்பதையும் அத்தையிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை ஐந்து மணி நேரம் டிவி அணைந்திருந்தது அதனால்தான்.

மாமா வந்ததும், படம் டவுன்லோடு பண்ணுகிற ஆள் கிடைத்துவிட்டார் என்று சொல்லி டிவியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அது நம்ம கேமராடா, நம்ம வீட்டு டிவி. அதுக்கு எதுக்குடா நெட்டு போவுது?” இரண்டும் நம்முடையதுதான், நடுவில் இருக்கிற வழிதான் நம்முடையது இல்லை என்றேன். அவருக்குப் பாதிதான் ஏறியது. 14-ஆம் நம்பர் பையனைப் பற்றி அதன்பிறகு அவர் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் அவனிடம் என்னவோ கறாராகப் பேசியிருக்கிறார் என்பது மேனேஜர் தம்பியின் முகத்திலேயே தெரிந்தது.

சரி செய்தது எளிது. என்விஆர் ஒவ்வொரு கேமராவுக்கும் இரண்டு ஓட்டம் தரும், தெளிவாக ஒன்று, மங்கலாக ஒன்று. மெயின் ஸ்ட்ரீம் 2,048 கேபிபிஎஸ், நாலு கேமராவுக்கு 8 எம்பிபிஎஸ்ஸுக்குக் கொஞ்சம் மேல், பாக்கெட் முகப்புச் சுமையோடு 9. சப் ஸ்ட்ரீம் 256 கேபிபிஎஸ். நாலாகப் பிரித்த திரையில் ஒரு கட்டத்துக்குச் சப் ஸ்ட்ரீமே தாராளம். டிவியில் நாலையும் அதற்கு மாற்றினேன். ராத்திரி பத்திலிருந்து காலை பத்து வரை தானே அணைந்து எழும்படி டைமர் வைத்தேன். அத்தைக்கு ரிமோட்டில் சீரியலுக்குப் போகும் வழியையும் காட்டினேன், அந்த வீட்டில் என் மதிப்பு ஏறியது அதனால்தான் என்று நினைக்கிறேன். என்விஆர் பாஸ்வேர்டையும் மாற்றினேன். திருடு போகவில்லைதான், ஆனால் மாமாவின் போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள்.

லாட்ஜ் ரவுட்டரில் இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. முன்பு போட்ட ஆள் ஒரு போனுக்கு 5 எம்பிபிஎஸ் என்று வேக வரம்பு வைக்கும் கியூ எழுதியிருந்தார், ஃபாஸ்ட்ட்ராக்கையும் ஆனில் விட்டிருந்தார். ஃபாஸ்ட்ட்ராக்கில் போகிற பாக்கெட் இந்தக் கியூக்களைத் தொடாமலே போய்விடும். ஆக இத்தனை நாளும் அந்த வரம்பு பேருக்குத்தான் இருந்தது. ஃபாஸ்ட்ட்ராக் விதியை அணைத்தேன். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இந்த ஹெக்ஸ் அது இல்லாமலே தாராளமாகத் தாக்குப்பிடிக்கும். சாயங்காலம் எட்டு மணிக்குப் பார்த்தபோதும் சிபியு பதறவில்லை.

இரண்டு நாள் கழித்து மாமா போன். “ரிசப்ஷன்ல கல்லாவ தொறக்கும்போது தம்பி கை தெளிவா தெரியல மாப்ள.” பேரம் பேசி ரிசப்ஷன் ஒன்றை மட்டும் மெயினுக்கு மாற்றினேன். ஒரு மெயின், மூன்று சப், பகலில் மட்டும் என்றால் நாளைக்கு 16 ஜிபி. அறைகளின் 75-ஐச் சேர்த்து மாதம் 2,730. அந்த மாதம் தொடக்கத்தில் சில நாள் பழைய வேகத்தில் ஓடிவிட்டதால் 30-ஆம் தேதி ராத்திரி கணக்குப் பக்கத்தில் 3,204 என்று நின்றது. அடுத்த மாதம் 2,700 சொச்சம்.

லேப்டாப்பில் இருந்த ஃப்ளோ கோப்புகளை அழித்து, டிராஃபிக் ஃப்ளோவையும் நிறுத்திவிட்டு வயரைச் சுருட்டினேன். அத்தை ஒரு பை நிறைய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கொடுத்துவிட்டிருந்தார். அதை வாங்கிக்கொண்டு லாட்ஜ் வாசலில் செருப்பு மாட்டும்போது மேனேஜர் தம்பி பின்னாலேயே வந்தான். மேலே கேமராவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“அண்ணா, அந்த ரிசப்ஷனயும் மங்கலாவே வுட்டுருக்கலாம்ல?”